முப்பது சொல், முப்பத்து நான்கு விநாடி

கமலவேணிக்குப் பொறாமை புதிதல்ல. அரியலூர் கடைத்தெருவில் சின்னதுரை நடத்திய தட்டச்சுப் பயிலகத்தில் பதினோரு வருடம் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தவள் அவள். அந்தப் பதினோரு வருடமும் யாரையாவது பார்த்துப் பொருமிக்கொண்டேதான் இருந்தாள். தன்னிடம் படித்து வேலைக்குப் போய் மிட்டாய்ப் பெட்டியோடு வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பொருமினாள். அண்ணி கலியம்மாளின் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தைப் பார்த்துப் பொருமினாள். அதெல்லாம் சில்லறைப் பொறாமை; வரும், இரண்டு நாள் தங்கும், போய்விடும். 1987 ஆவணியில் மலர்க்கொடி வந்து சேர்ந்தபோது வந்தது அந்த ரகமல்ல. அது பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

அதற்கு முன்னால் கமலவேணியிடம் என்ன இருந்தது என்று சொல்லிவிட வேண்டும். ஒரு குரலும் ஒரு கைக்கடிகாரமும் இருந்தன. சுருக்கெழுத்து வகுப்பில் ஆசிரியர் ஒரு பத்தியைப் படிப்பார். பிள்ளைகள் கோடும் வளைவுமாக அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு அறுபது சொல் வேகம் என்றால் கால் நிமிடத்துக்குப் பதினைந்து சொல், அதுவும் ஒரே சீராக. பத்துச் சொல்லை அள்ளிக் கொட்டிவிட்டு மீதி ஐந்தை இழுத்துச் சரிக்கட்டும் ஆசிரியர்கள் உண்டு. கமலவேணிக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. இடது கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி அவள் படித்தால், முள்ளும் அவளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டது போலிருக்கும். சொல் ஒன்றிரண்டு குறைந்தாலும் போகட்டும், நடை மட்டும் குலையக்கூடாது என்பதுதான் அவள் வகுப்பின் முதல் பாடம். அந்தப் பாடத்தைப் பிற்பாடு அவளே காலில் போட்டு மிதித்தாள்.

அவளிடம் இல்லாதது ஓர் அறை. வயது முப்பத்தைந்து. கல்யாணம் இரண்டு முறை பேச்சோடு நின்றுபோயிருந்தது. உடையார்பாளையம் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அரியலூருக்குக் குடிவந்த அண்ணன் வீட்டில், கூடத்து மூலையில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயும் அவளுடையவை. குளியலறை ஒன்றே ஒன்று. அண்ணிக்கு எப்போது வேண்டுமோ அப்போது அவளுக்குத்தான் முதல் உரிமை. கமலவேணி வாளியோடு வாசலில் நிற்க வேண்டும். எட்டரை மணி வகுப்புக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும் என்பது அவள் கையில் இல்லை.

பெரம்பலூரில் ஒரு கிளை திறக்கப்போவதாகச் சின்னதுரை மூன்று வருடமாகச் சொல்லிவந்தார். கீழே வகுப்பு. மாடியில் பொறுப்பாளருக்கு ஓர் அறை, அதற்கென்று தனிக் குளியலறை. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ஒரு தடவை சொல்லப்போக, கமலவேணி அன்றைக்கே ஒரு பூட்டு வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் புடவைகளுக்கடியில் வைத்துவிட்டாள்.

ஆவணியில் சின்னதுரையின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றே பெரிது, ரப்பர் பொத்தான்கள். டி.வி.யில் மாட்டினால் எழுத்து தெரியும். டேப் ரெக்கார்டரில் மாட்டினால் கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறும். கூடவே தடிமனாக ஓர் ஆங்கிலப் புத்தகம். இதை இயக்கத் தெரிந்தவள் என்று சொல்லிச் சின்னதுரை கூட்டிவந்தவள்தான் மலர்க்கொடி. ரஞ்சன்குடிக்காரி, இருபத்தாறு வயது. திருச்சியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எட்டு மாதம் வேலை பார்த்தவள். அவள் அப்பா செல்லமுத்து ஒரு காலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர், இப்போது லாரி ஓட்டுகிறார்.

அதைக் கேள்விப்பட்ட கலியம்மாள், "நம்ம ஊரா இருந்தா அவ அப்பன் நம்ம வரப்புலதான் நின்னுருப்பான்" என்றாள். அந்தப் பேச்சு கமலவேணிக்கு இதமாக இருந்தது. அதை மறைத்து எழுதி அவளை நல்லவளாக்குவதில் எனக்கு விருப்பமில்லை.

மலர்க்கொடி வந்த முதல் நாளே கமலவேணியை "அக்கா" என்று கூப்பிட்டாள். மற்ற எல்லோருக்கும் அவள் டீச்சர். இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்த அக்கா என்று கமலவேணிக்குச் சுருக்கென்றது. மலர்க்கொடி சத்தமில்லாமல் சிரிப்பாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டுவாள், யாருடைய வாடிய முகத்தையும் கவனிப்பாள். ஒருவரை வெறுக்கக் காரணம் தேடி அலைகிறவளுக்கு இதைவிடத் தொல்லை வேறென்ன வேண்டும்?

ஐப்பசியில் ஒருநாள், இந்த மெஷினைப் பேசவைக்க முடியும் என்று மலர்க்கொடி சின்னதுரையிடம் சொன்னாள். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். தை மாதம் பெரம்பலூர் கிளைத் திறப்பு விழாவில் கம்ப்யூட்டரே டிக்டேஷன் படிக்க வேண்டும், அறுபது வேகத்தில் அரை நிமிடம், முப்பது சொல். ஊரே வாயைப் பிளக்க வேண்டும். இதைச் சொல்லி முடித்துவிட்டுக் கமலவேணி பக்கம் திரும்பினார்.

"மெஷின் ஒழுங்கா படிச்சுட்டா கிளைய மலர்க்கொடியே பாத்துக்கட்டும். நீங்க இங்க வேரூனுனவங்க, உங்கள எதுக்கு அலைக்கழிக்கணும்?"

அலைக்கழிக்காமல் இருப்பதாம். கமலவேணி தலையாட்டினாள். அன்று மாலை வகுப்பில் அவள் படித்த பத்தி ஐந்து விநாடி முந்தி முடிந்தது. பதினோரு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

மலர்க்கொடி முதலில் கமலவேணியின் குரலைத்தான் கேட்டாள். தொண்டை சரியில்லை என்று இவள் மறுத்துவிட்டாள். அதனால் மலர்க்கொடி தானே படித்துக் கேசட்டில் பதிந்தாள். மெஷின் அதை ஒயர் வழியாகக் கேட்டு, ஒலி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பார்த்து, எட்டு தடவைக்கு ஓர் எண்ணாகக் குறித்துக்கொண்டது. ஒரு விநாடிப் பேச்சுக்கு ஆயிரத்துக்கும் சற்று மேல் எண்கள். பேசவைக்கும் புரோகிராம் ஒன்று தனியாக உண்டு, மிகச் சிறியது. அது அந்த எண்களை வரிசையாக எடுத்து, உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு தட்டும் அதனதன் இடைவெளியில் விழ வேண்டும். இடைவெளி கூடிக் குறைந்தால் குரல் குரலாக இருக்காது. இதை மலர்க்கொடி விளக்கியபோது கமலவேணிக்கு உடனே புரிந்துவிட்டது. இதுவும் டிக்டேஷன்தான்.

மலர்க்கொடி இரண்டு விரலால் தட்டுகிறவள். அதனால் அவள் துண்டுத்தாளில் எழுதித்தரும் எண்களையெல்லாம் கமலவேணி உட்கார்ந்து தட்ட வேண்டும் என்று சின்னதுரை உத்தரவு போட்டிருந்தார். தன் அறையைப் பறிக்கிறவளுக்குத் தானே எடுபிடி. கமலவேணி பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். ஒரு பிழை வராமலும் தட்டினாள், கை கெட்டுப்போகுமே என்று.

கார்த்திகையில் மெஷின் பேசியது. தகரத்தனம் இருந்தாலும் சொல் சொல்லாகப் புரிந்தது, நடையும் சீராக இருந்தது. பயிலகமே எழுந்து நின்றது. கமலவேணி மட்டும் உட்கார்ந்தபடி விரல்விட்டு எண்ணினாள். இருபத்தெட்டுச் சொல்தான் இருந்தது. மெஷினில் இடம் அவ்வளவுதான் என்றாள் மலர்க்கொடி.

"முப்பது இல்லன்னா அது அறுபது ஸ்பீடு இல்ல, மலரு. பரீட்சையில ரெண்டு சொல்ல முழுங்கிட்டுப் படிக்க முடியுமா? விழாவுல தெரிஞ்சவங்க இருப்பாங்க, சிரிப்பாங்க" என்றாள் கமலவேணி.

சுருக்கெழுத்துக்காரர்களுக்குச் சொல் எண்ணிக்கையில் குறைவது சாமிக் குற்றம் மாதிரி. சின்னதுரையும் ஆமாம் போட்டார். மலர்க்கொடி இரண்டு நாள் யோசித்தாள். முப்பது சொல்லையும் மெஷின் நினைவகத்தின் மேல்பகுதியில் நிரப்பி, அதுவரை அங்கேயே குடியிருந்த புரோகிராமைக் கீழ்ப்பகுதிக்கு இறக்கினாள். இறக்கியது என்றால், ஒரு முகவரி எண்ணை மாற்றியதுதான். முப்பத்திரண்டாயிரத்துக்கு மேலே இருந்த எண் இருபத்தாறாயிரம் ஆனது. அதையும் கமலவேணிதான் தட்டினாள்.

முப்பது சொல்லும் வந்தன. ஆனால் குரல் போய்விட்டது. சுழலும் மேசை மின்விசிறிக்கு முன்னால் நின்றுகொண்டு சளி பிடித்தவர் பேசுவது போல ஒரே கரகரப்பு. மலர்க்கொடி ஒயரை மாற்றினாள். கேசட் ஹெட்டைத் துடைத்தாள். மின்சாரத்தில் கோளாறோ என்று ரேடியோ மெக்கானிக் மாயவனைக் கூட்டிவந்து காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. நன்றாகப் பேசிய பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிட்டிருந்தாள், முப்பதுக்குக் குறையச் சின்னதுரையும் விடமாட்டார். கமலவேணி கடிகாரத்தைப் பிடித்துக் கேட்டாள். முப்பது சொல்லுக்கு முப்பத்து நான்கு விநாடி. மெஷின் எங்கோ நின்று நின்று வருகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

படிக்கத் தருகிறாயா என்று கேட்டு, அந்தத் தடித்த புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு நாள் புரட்டினாள். கடைசிப் பக்கங்களில் ஒரு சின்ன பாரா இருந்தது. மெஷினின் நினைவகத்தில் கீழ் மூன்றிலொரு பங்கு பொது. டி.வி.யில் படம் வரைகிற சில்லும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், புரோகிராமை நடத்துகிற சில்லும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் படத்துக்குத்தான் முதல் உரிமை. மற்றது நின்று காத்திருக்கும். விநாடிக்கு ஐம்பது முறை படம் வரையப்படுகிறது, ஐம்பது முறையும் இந்தக் காத்திருப்பு உண்டு. மேல் மூன்றிலிரண்டு பங்கில் அந்தத் தொல்லை இல்லை. அது புரோகிராமுக்கே தனி.

கமலவேணி படித்துவிட்டு நிமிர்ந்தபோது கலியம்மாள் குளியலறையில் இருந்தாள். வாசலில் கமலவேணியின் வாளி இருந்தது. இதற்கு மேல் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மலர்க்கொடி புரோகிராமை மாடியிலிருந்து இறக்கிப் பொதுக்கட்டில் விட்டுவிட்டாள். திருச்சியில் அவள் பழகிய மெஷினில் இந்தப் பங்காளித் தகராறு கிடையாது, அதனால் அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சொல்லை விட்டுக்கொடுத்துப் புரோகிராமை மறுபடி மேலேற்றினால் முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், நோட்டுத் திருத்த வேண்டும் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு பயிலகத்துக்குப் போனாள். தனியாக உட்கார்ந்து கேசட்டை ஏற்றினாள். கடைசி இரண்டு சொல்லை வெட்டி, பழைய எண்ணைத் தட்டினாள். மெஷின் பேசியது.

மலர்க்கொடியின் குரல் அந்தக் காலி அறையில் தெளிவாக வந்தது. இருபத்தெட்டுச் சொல், இருபத்தெட்டு விநாடி. அவசரமில்லை, இழுப்புமில்லை. எங்கே மூச்சு விடவேண்டுமோ அங்கே விட்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்கு அந்த நடை இருந்தது. இதே நடைக்காகக் கமலவேணி இரண்டு வருடம் கடிகாரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். மூன்று தடவை போட்டுக் கேட்டாள். மூன்றாவது தடவை அவளுக்கு அழுகை வந்தது. அது இரக்கத்தில் வந்த அழுகையல்ல. நெஞ்சு எரிந்து வந்தது.

ஸ்விட்சை அணைத்தாள். மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. கேசட்டில் பழைய கரகரப்பு அப்படியே இருந்தது. புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் பென்சிலால் சுருக்கெழுத்தில் ஒரு குறிப்பு எழுதினாள். என்ன செய்தாள், என்ன கேட்டாள், சொல்லப்போவதில்லை என்பது வரை. எதையும் குறித்துவைக்காமல் இருக்க முடியாத பழக்கம் அது. மலர்க்கொடிக்குச் சுருக்கெழுத்து தெரியாது என்கிற தெம்பும் இருந்தது.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மலர்க்கொடி பின்னட்டையைப் பார்த்து, இதென்ன என்று கேட்டாள். கடினச் சொற்களுக்கு அர்த்தம் என்றாள் கமலவேணி. மலர்க்கொடி அதோடு விடவில்லை. அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"உங்க காது மாதிரி யாருக்கும் வராதுக்கா. உங்களுக்கு என்ன தோணுது? எதுல தப்பு?"

அந்தக் கேள்விக்கு இரண்டு வார்த்தை போதும். கமலவேணியின் நாக்கு நுனிவரை அவை வந்தன. வந்தவை மாடி அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன.

"எனக்கென்ன தெரியும்? மெஷின் சமாச்சாரம்" என்றாள்.

தை பிறந்தது. பெரம்பலூர்க் கிளை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் வைரக்கண்ணு குத்துவிளக்கேற்றினார். பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். மலர்க்கொடியின் அப்பா லாரியை ஓரங்கட்டிவிட்டு வெள்ளை வேட்டியோடு கடைசி வரிசையில் நின்றார். இன்றைக்கு எப்படியோ சரியாகிவிடும் என்று சின்னதுரை நம்பினார். அவரை நம்பவைத்தது யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெஷினும் பழகப் பழகத்தான் தொண்டை திறக்கும் என்று முந்தின நாள் அவரிடம் சொல்லியிருந்தாள் கமலவேணி.

மலர்க்கொடி பொத்தானை அழுத்தினாள். மெஷின் உறுமியது. முப்பத்து நான்கு விநாடியும் உறுமியது. பாதியிலேயே முன்வரிசை சலசலத்தது. முடிந்ததும் தாசில்தார், "இதுக்கு மொதல்ல இருமல் மருந்து குடுங்கப்பா" என்றார். கூடம் கொல்லென்று சிரித்தது. மலர்க்கொடி டி.வி.யைப் பார்த்தபடியே நின்றாள். செல்லமுத்து தலையைக் குனிந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கமலவேணி எழுந்தாள். கடிகாரத்தைக் கழற்றி இடது கையில் பிடித்தாள். அதே பத்தியை, அதே முப்பது சொல்லை, முப்பது விநாடியில் படித்து முடித்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சின்னதுரை மேடையிலேயே சாவியை அவள் கையில் வைத்தார்.

மாடி அறைக்குத் தன் பூட்டைப் போட்டாள் கமலவேணி. முதல் மாதம் வேண்டுமென்றே தினமும் இரண்டு தடவை குளித்தாள். யாரும் வராத குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நெடுநேரம் உள்ளே நின்றாள். ராசியில்லாத மெஷின் என்று கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் கட்டி அவள் கட்டிலுக்கடியிலேயே தள்ளிவிட்டுப் போனார் சின்னதுரை. அவள் அதைப் பிரிக்கவில்லை. ஒரு எண்ணைத் தட்டினால் பேசும்தான். யார் குரலில் பேசும் என்பதும் தெரியுமே.

பொறாமை மட்டும் அரியலூரிலேயே தங்கிவிடவில்லை, அடுத்த பஸ்ஸில் அவளோடு வந்துவிட்டது. அவள் விட்டுவந்த ஐந்து மணி வகுப்புக்கு ஆளில்லாமல் சின்னதுரை திண்டாடினார். மலர்க்கொடி தானே கற்றுக்கொள்வதாகச் சொல்லி, அலமாரியில் கிடந்த கமலவேணியின் பழைய நோட்டுகளை வைத்துக்கொண்டு சுருக்கெழுத்தில் இறங்கினாள். ஒரு வருடத்தில் பரீட்சை பாஸ். புது டீச்சர் படித்தால் தூக்கத்தில்கூட எழுதலாம் என்று பிள்ளைகள் சொல்வதாக யாரோ வந்து சொன்னார்கள். அன்று கமலவேணி இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

1989 பங்குனியில் ஒருநாள் மூன்று மணி வெயிலில் மலர்க்கொடி பெரம்பலூர் வந்தாள். கையில் அந்தத் தடித்த புத்தகம். கமலவேணி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக வைத்தாள் மலர்க்கொடி. பிறகு புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்தாள்.

"ஒண்ணு படிச்சுக் காட்டுறேன், டீச்சர். சரியா வருதான்னு மட்டும் சொல்லுங்க."

ஒன்றரை வருடமாக அவள் வாயிலிருந்து வராதா என்று கமலவேணி ஏங்கிய அந்த டீச்சர், இப்போது வந்தது.

மலர்க்கொடி படித்தாள். "புரோகிராமை மாடிக்கு மாற்றி, கடைசி இரண்டு சொல்லை நீக்கினால் குரல் தெளிவாகிறது. நான் கேட்டேன். மிகவும் நன்றாக இருக்கிறது. சொல்லமாட்டேன்."

கமலவேணியின் கை பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பிடித்திருந்தது. பதினைந்து சொல், கால் நிமிடம். ஒரு விநாடி கூடவுமில்லை, குறையவுமில்லை. அவமானம் வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை.

"சரியா இருக்கு" என்றாள். "பிழ ஒண்ணும் இல்ல."

மலர்க்கொடி புத்தகத்தை மூடினாள். கோபமாக ஏதாவது சொல்லுவாள் என்று கமலவேணி காத்திருந்தாள். சொல்லியிருந்தால் தேவலை.

"அன்னைக்கு எங்கப்பா லாரியில வூட்டுக்குப் போற வரைக்கும் எங்கூடப் பேசல. எனக்கே எங்குரலப் புடிக்காமப் போச்சு" என்றாள் மலர்க்கொடி. "நல்லா இருக்குன்னு ஒருத்தர் எழுதி வச்சிருக்காங்கன்னு போன வாரந்தான் தெரிஞ்சுது."

புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஐந்து மணிக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.